வெளிநாட்டு வேலையா? முதல் வருஷம் வீடு எடுக்காதீங்க, ரூம் எடுங்க!

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. இப்ப உங்க மனசுல ஓடுற அடுத்த விஷயம் என்னன்னு எனக்குத் தெரியும். "நல்ல வீடா ஒண்ணு பார்த்து, ஒரு சோபா, ஒரு கட்டில், பெரிய டிவி..." அங்கயே ஒரு நிமிஷம் நில்லுங்க. இதே கனவுக்கு நான் கொடுத்த விலை கிட்டத்தட்ட அஞ்சரை லட்சம் ரூபாய்.

நான் சின்னமனூர்க்காரன். எங்க ஊர்ல வீடு மாறுறதுன்னா நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சோறு போட்டுத்தான் குடி போவோம். சிங்கப்பூர்ல ஒரு ஐ.டி. வேலை கிடைச்சு நான் போய் இறங்குனது ஜூன் மாசம். கல்யாணமாகி ரெண்டே மாசம். "ஆடி பிறக்குறதுக்குள்ள பால் காய்ச்சிரு"ன்னு அம்மா போன்ல தினமும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த அவசரத்துல பார்த்த மூணாவது வீட்டையே முடிச்சேன். எச்டிபி அடுக்குமாடியில முழு வீடு, மாத வாடகை 2,800 டாலர், ரெண்டு வருஷ ஒப்பந்தம்.

டெபாசிட்டுக்குப் பணம் பத்தலை. அம்மாவோட ரெட்டை வடச் சங்கிலி பேங்க்ல நகைக் கடனுக்குப் போச்சு.

ஒத்திப் பணம் மாதிரி நினைச்சதுதான் தப்பு

எங்க பக்கம் ஒத்திக்கு வீடு பிடிக்கிற பழக்கம் உண்டு. மொத்தமா ஒரு தொகை கொடுப்போம், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரும். சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கொடுக்குறவங்களுக்கும் இதே நினைப்புதான். (தமிழ்நாட்டுல 2017-ல வந்த வாடகைச் சட்டம், வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா ஒழிய, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. அது தனி வீடியோவுக்கான விஷயம்.) அட்வான்ஸ்னா பத்திரமா இருக்குற பணம்னு நம்ம ரத்தத்துலயே ஊறிப்போச்சு.

சிங்கப்பூர்ல வழக்கம் வேற. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாச டெபாசிட், ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாச டெபாசிட். பார்க்கக் குறைவாத்தான் தெரியும். ஆனா ஒப்பந்தக் காலம் முடியாம நீங்க வெளியேறினா, முதல்ல காணாமப் போறது அந்தப் பணம்தான்.

வீட்டுக்கு ரெண்டு வருஷம், விசாவுக்கு முப்பது நாள்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் உங்க கம்பெனியோட கட்டுப்பட்டது. வேலை போச்சுன்னா பாஸ் ரத்து. அதுக்கப்புறம் பொதுவா 30 நாள் தங்க அனுமதி. அதுக்குள்ள வேற வேலை, இல்லைன்னா ஊருக்கு டிக்கெட். ஆனா நீங்க கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் 24 மாசம். இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துலதான் நம்ம ஆளுங்க விழுறாங்க.

"அதுக்குத்தான் டிப்ளமேடிக் ஷரத்து இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. வேலை போனாலோ, வேற நாட்டுக்கு மாத்திட்டாலோ ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிச்சுக்கலாம்னு சொல்ற ஷரத்து அது. ஆனா ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல வழக்கமா அது 12 மாசம் முடிஞ்ச பிறகுதான் வேலை செய்யும், அதுக்கு மேல ரெண்டு மாச நோட்டீஸும் கொடுக்கணும். அதாவது, வேலை போற ஆபத்து அதிகமா இருக்குற புரொபேஷன் காலத்துலயும் முதல் வருஷத்துலயும் இந்தக் குடை விரியாது.

எனக்கு எட்டாவது மாசம் எங்க டீமையே கலைச்சாங்க. டெபாசிட் 5,600 டாலர் போச்சு. ஓனர் மேல தப்பு சொல்ல மாட்டேன். படிக்காமக் கையெழுத்துப் போட்டது நான்.

சோபாவோட கதை

வீட்டை நிரப்ப நான் வாங்குனது: சோபா 850, கட்டில் மெத்தை 950, டைனிங் டேபிள் 450, டிவி 700, டிவி ஸ்டாண்ட் 250. மொத்தம் 3,200 டாலர். இதுல டைனிங் டேபிள்ல நாங்க உட்கார்ந்து சாப்பிட்டது பத்து நாள் இருக்குமா? தரையில உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

அப்புறம் எதுக்கு வாங்குனேன்? வீடியோ கால்ல ஊருக்குக் காட்ட. "வெளிநாட்டுல புள்ள தரையிலயா படுக்குறான்னு கேப்பாங்கடா"ன்னு அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு 3,200 டாலர். காலி பண்ணும்போது எல்லாத்தையும் சேர்த்து வித்தது 500-க்கு. அவசரமா விக்கிறவனுக்கு விலை சொல்ற உரிமை கிடையாது, சோபாவைச் சும்மாத்தான் கொடுத்தேன்.

டெபாசிட் 5,600, சாமான்ல நஷ்டம் 2,700. மொத்தம் 8,300 டாலர். டாலரை 65 ரூபாய்னு போட்டாலும் 5 லட்சத்து 39 ஆயிரம். சங்கிலியை மீட்க எனக்கு அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஆச்சு.

சரி, என்ன பண்ணலாம்?

ரூம் எடுங்க. கணக்கைப் பாருங்க. மாசம் 900 டாலர்ல ஒரு ரூம், ஒரு வருஷ ஒப்பந்தம்னு வெச்சுப்போம். டெபாசிட் 900, முதல் மாச வாடகை 900, முத்திரை வரி மொத்த வாடகையில 0.4 சதவீதம், அதாவது 43 டாலர். ஆக 1,843 டாலர், சுமார் 1.2 லட்சம் ரூபாய். அதே 2,800 டாலர் முழு வீட்டுக்கு ரெண்டு வருஷ ஒப்பந்தம்னா 5,600 + 2,800 + 268 = 8,668 டாலர். 5.6 லட்சத்துக்கு மேல! ஏஜென்ட் கமிஷன் இருந்தா ரெண்டுலயும் அது தனி. ரூம்ல கட்டில், அலமாரி, ஏசி பெரும்பாலும் இருக்கும். நகையைத் தொட வேண்டிய அவசியமே வராது.

ரூம்ல கஷ்டம் இல்லையான்னா, இருக்கு. "லைட் குக்கிங் மட்டும்"னு சொல்லிட்டு, நீங்க கடுகு தாளிச்சதும் முகம் சுளிக்கிற ஓனர் உண்டு. ஏசிக்கு நேரக் கணக்கு வெக்கிறவங்க உண்டு. அதனால சமையல், ஏசி, கரண்ட் பில், விருந்தாளி இந்த நாலையும் முன்னாடியே பேசி ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

கையெழுத்துக்கு முன்னாடி இதையெல்லாம் கண்டிப்பா பாருங்க:

1. ஏஜென்ட் பேரை சிஇஏ-வோட பதிவேட்டுல தேடுங்க. எச்டிபி வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையில வாங்கவே கூடாதுங்கிறது அங்க விதி. "என் கணக்குல போடுங்க"ன்னு சொன்னாலே நடையைக் கட்டுங்க.

2. எச்டிபி-ல குறைஞ்சது 6 மாசம் வாடகைக்கு எடுக்கணும். 2 மாசம், 3 மாசம்னு யாராவது தந்தா அது விதிமீறல்.

3. முழு எச்டிபி வீடு எடுக்குற வெளிநாட்டவருக்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு: வட்டாரத்துல 8 சதவீதம், ஒரு பிளாக்குல 11 சதவீதம். அது நிரம்பியிருந்தா பணம் கட்டியும் அந்த வீடு கிடைக்காது. டோக்கன் அட்வான்ஸுக்கு முன்னாடியே கேளுங்க. ரூமுக்கு இந்த வரம்பு இல்லை.

4. முத்திரை வரியை 14 நாளுக்குள்ள கட்டுங்க. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை ஆதாரமா வெச்சு வழக்காட முடியாது.

5. சாவி வாங்குன அன்னைக்கே சுவர், தரை, ஏசி, குழாய் எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க. ஏசி சர்வீஸ் ரசீதுகளைச் சேர்த்து வைங்க. ஒப்பந்தப்படி நடந்தும் டெபாசிட் வரலைன்னா, ரெண்டு வருஷத்துக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்கு சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கு. 20,000 டாலர் வரை அங்க கேக்கலாம்.

சாமான் விஷயத்துல என்னோட விதி ரொம்ப சிம்பிள். முதல் வருஷம் மொத்தச் செலவு ஒரு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. குக்கர், இட்லிச் சட்டி ஊர்ல இருந்தே எடுத்துட்டு வாங்க. மிக்ஸியும் ஓடும், அங்கயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் போதும். விட்டுப்போனது லிட்டில் இந்தியாவுல முஸ்தபாவுல கிடைக்கும். மேஜை, நாற்காலி வேணும்னா கரௌசல்ல பழசு வாங்குங்க. ஊருக்குக் கிளம்புறவங்க அவசரத்துல விக்கிறது அது. எட்டாவது மாசத்துல நான் வித்த மாதிரி!

"குடும்பம் இருக்கே ப்ரோ?"

நியாயமான கேள்வி. குடும்பத்தைக் கூட்டிட்டு வர டிபென்டன்ட் பாஸுக்கே மாதச் சம்பளம் குறைஞ்சது 6,000 டாலர் இருக்கணும். அந்தச் சம்பளம் இருந்தாலும், நீங்க மட்டும் முதல்ல போங்க. ஒரு ஆறு மாசம் ரூம்ல இருந்து புரொபேஷனை முடிங்க. எந்த ஏரியாவுல இருந்து ஆபீஸ் பக்கம், எந்த எம்ஆர்டி ஸ்டேஷன்ல கூட்டம்னு தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் வீடு பாருங்க, அதையும் ஒரு வருஷ ஒப்பந்தமாக் கேளுங்க. என் மனைவி இப்பவும் சொல்றது ஒண்ணுதான்: "ஆறு மாசம் பிரிஞ்சு இருந்திருக்கலாம், அந்தக் கடனோட ரெண்டு வருஷம் சேர்ந்து இருந்ததுதான் கஷ்டம்."

இன்னொரு பக்கமும் இருக்கு. 2022, 2023-ல சிங்கப்பூர் வாடகை ஏறுன வேகத்துல, ரெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு வெச்சவங்க தப்பிச்சாங்க, மத்தவங்க அடி வாங்கினாங்க. உண்மைதான். ஆனா வாடகை ஏறினா மாசம் சில நூறு டாலர் கூடும், சின்ன ரூமுக்கு மாறிச் சமாளிக்கலாம். வேலை போய் ஒப்பந்தம் முறிஞ்சா மொத்தமாப் போகும். முதல் அடியை உங்க சம்பளம் தாங்கும். ரெண்டாவது அடியை உங்க அம்மாவோட கழுத்துதான் தாங்கணும்.

இப்ப நான் மறுபடியும் சிங்கப்பூர்லதான் இருக்கேன். இந்தத் தடவை முதல் ஒன்றரை வருஷம் ரூம்லதான் இருந்தேன். ஒரு மெத்தை, ஒரு மடக்கு மேஜை, ஒரு குக்கர். அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு "என்னடா இப்படி இருக்க"ன்னாங்க. அவங்க கழுத்துல சங்கிலி தெரிஞ்சுது. "நல்லா இருக்கேம்மா"ன்னு சொன்னேன்.