கிடைத்த இடம் இரண்டு, போவது எங்கே?

மருத்துவக் கல்லூரியில் ஓரிடம் கிடைக்காதா என்று ஏங்கும் இல்லங்கள் நம்மிடையே பல. இரண்டிடம் கிடைத்து, எதை விடுவது என்று தூக்கமிழந்து நிற்கும் இல்லமும் உண்டு. டில்லியில் மத்திய அரசுப் பணியிலுள்ள நம் சங்கத்து அன்பர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதி நம் யோசனை கேட்டிருக்கிறார். மகள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளை டில்லியில் படித்தவளாதலால், டில்லி மாணவர்க்குரிய பங்கில் லேடி ஹார்டிஞ்சுக் கல்லூரியில் இடம் வந்துள்ளது. பெற்றோரின் பூர்விகச் சான்றைக் காட்டித் தமிழ்நாட்டிலும் விண்ணப்பித்ததில், மதுரை மருத்துவக் கல்லூரியும் அழைக்கிறது.

இரண்டும் அரசுக் கல்லூரிகளே. முன்னது 1916-இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பெற்றது. பின்னது 1954-இல் தோன்றியது. ஆண்டுக்கு 20 இலட்சத்தையும் தாண்டிக் கேட்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைக் கண்டவர்க்கு, இவ்விரண்டின் சம்பளமும் ஒரு பொருட்டன்று. எது பெரிய பெயர் என்று உறவினர் நடத்தும் பட்டிமன்றத்தையும் ஒதுக்கிவிடலாம். அவர்களில் எவரும் கட்டணம் கட்டப் போவதில்லை.

"வீட்டிலிருந்தே போய்வரலாம்" என்பது அன்பர் டில்லிக்காகச் சொல்லும் முதற் காரணம். ஆனால் இன்னும் இரண்டாண்டில் தாம் ஓய்வு பெறப்போவதாக மூன்றாம் பக்கத்தில் அவரே எழுதுகிறார். படிப்போ நான்கரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பிய பின், அப்பெண் விடுதிக்குத்தான் போக வேண்டும். அப்போது மதுரையில் படித்தால் பெற்றோர்க்கு அருகிலும், டில்லியில் படித்தால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இருப்பாள்.

டில்லிக்கு வலுவான காரணம் வேறொன்று உண்டு. அதை அன்பர் குறிப்பிடவேயில்லை. முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிடம் பார்த்து இடம் ஒதுக்குவது செல்லாது என்றும், அந்தந்த நிறுவனத்தில் பயின்றோர்க்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றோர்க்கு அங்கே முதுநிலை இடங்களில் ஒரு பங்கு தனியே உண்டு. மேற்படிப்பை இப்போதே மனத்தில் கொண்டவர்கள் இதை எளிதாக எண்ணலாகாது.

இனி மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ், சாப்பாட்டு மேசைத் தமிழ். "நெஞ்சாங்குழியில அடைக்குது", "கிறுகிறுன்னு வருது", "வயித்தைப் பெரட்டுது" என்று ஒரு கிராமத்து அம்மாள் சொல்லும்போது, அவள் எந்த உறுப்பைக் குறிக்கிறாள், எத்தனை நாளாய் என்பதையெல்லாம் கேட்டறிவதே மருத்துவத்தின் முதற் பாடம். நோயாளி "கப்ராஹட்" என்று சொன்னால், அது படபடப்பா, மனக்கலக்கமா, மூச்சுமுட்டலா என்று மறுகேள்வி கேட்க டில்லியில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியும். மதுரையில் அந்தத் திறமையை அவள் புதிதாய்க் கற்க வேண்டும். ஓராண்டு சிரமம்தான், எனினும் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவளுக்கு அது முடியாத காரியமன்று. பின்னாளில் தமிழ்நாட்டில் தொழில் செய்ய எண்ணம் இருந்தால், அந்தச் சிரமத்தைப் பதினெட்டு வயதில் படுவதே நன்று என்பது நம் கருத்து. டில்லியிலேயே வாழ எண்ணினால் அதற்கு அவசியமேயில்லை.

ஓர் எச்சரிக்கை. அசல் சான்றிதழ்கள் ஒரு தொகுதிதான்; இரண்டு கல்லூரியிலும் சேர்ந்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்பது நடவாது. கலந்தாய்வில் மேலிடம் வேண்டுமென்று குறித்து, அதுவும் வந்துவிட்டால், முன்பு ஏற்ற இடம் தானே நீங்கிவிடும். அந்தந்தச் சுற்றின் விதிகளை அறிவிப்பிலேயே படிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்டல் கூடாது.

கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தோம். தந்தையின் எண்ணம் இருக்கிறது; தாயின் அச்சம் இருக்கிறது; பெரியப்பாவின் அபிப்பிராயம்கூட அரைப் பக்கம் இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்பதைக் காணோம். சேர்க்கைக்கான கடைசி நாளுக்குள் அவளைத் தனியே உட்கார வைத்து, எங்கே யாருக்கு மருத்துவம் பார்க்க விரும்புகிறாள் என்று அன்பர் கேட்க வேண்டும். மதுரை என்றால் அவள் அம்மாவும், டில்லி என்றால் பெரியப்பாவும் சில நாள் முகம் திருப்பிக்கொள்ளக்கூடும்.