கழற்றிய எஞ்சினும் கண்ணியமும்

அமெரிக்காவில் மோட்டார்ப் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. பொங்கலுக்கு நாம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் அல்லவா? அவர்கள் பழைய காருக்குப் புது எஞ்சின் மாட்டுவார்கள்! 1955-ல் ஷெவர்லே கம்பெனி ஒரு வி-8 எஞ்சினை வெளியிட்டது. அதன் வம்சம் கோடிக்கணக்கில் பெருகிற்று. 1997-ல் கார்வெட் காரில் எல்.எஸ்.1 என்ற அலுமினிய எஞ்சின் வந்தது. அதன்பின் பழையதைக் கழற்றிவிட்டு இந்தப் புது வம்சத்தை மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

சரி, பழைய எஞ்சினில் வேகத்துக்கென்று ஆசை ஆசையாய் வாங்கிப் போட்ட சாமான்கள் என்ன ஆவது? கார்புரேட்டர், அதைத் தாங்கும் மானிபோல்ட், கேம் ஷாப்ட் எதுவும் புதியதற்கு அப்படியே பொருந்தாது. விற்கத்தான் வேண்டும். செலவழித்ததில் கொஞ்சமாவது திரும்புமே!

கார்புரேட்டரை விற்பது சுலபம். உள்ளே மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிட்டு, அதில் பொறித்திருக்கும் நம்பரைச் சொன்னால் போதும். கேம் ஷாப்ட் அப்படியல்ல. அதில் 16 மேடுகள். மேட்டுக்கு ஒரு டாப்பெட். உருளை இல்லாத பழைய மாதிரியில், ஓட ஆரம்பித்ததுமே மேடும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகிவிடும். அப்புறம் அவை தாலி கட்டிய தம்பதிகள். ஜோடி மாற்றக் கூடாது. 16 டாப்பெட்டையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கி அனுப்பினால், வாங்கியவரின் எஞ்சினில் மேடுகள் சீக்கிரமே தேயும். அந்த இரும்புத் தூள் எண்ணெயோடு ஓடி, பேரிங்குகளையும் அரித்துவிடும். மலிவாக வாங்கியவருக்கு எஞ்சினே போய்விடும்!

துடைத்து வைத்தால் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். எது எந்த மேட்டில் இருந்தது என்பது கழற்றியவர் ஒருவருக்கே தெரியும். ஆகவே கழற்றும்போதே 1 முதல் 16 வரை எண் எழுதி, தனித்தனிப் பையில் போட வேண்டும். கலந்துவிட்டதா? டாப்பெட்டுகளைத் தூர எறிந்துவிட்டு, "மேடுகளை அளந்து பார்த்து, புது டாப்பெட் வாங்கிப் போடுங்கள்" என்று சொல்லி, கேமை மட்டும் விற்க வேண்டும். விலை குறையும். குறையட்டுமே!

உங்களிடம் வி-8 எஞ்சின் இல்லாமலிருக்கலாம். ஆனால் பழைய தையல் மெஷினோ, தண்ணீர் பம்போ விற்கும் நாள் வரும். அன்று எண்ணெய்க் கறையைத் தாராளமாகத் துடையுங்கள், உண்மையைத் துடைத்துவிடாதீர்கள்.