மாவுப்பூச்சியும் மாமூல் வசூலும்

மாடியில் வைத்திருக்கும் செம்பருத்தியின் கொழுந்தில் யாரோ பாண்ட்ஸ் பவுடர் கொட்டிவிட்டாற்போல் இருக்கிறதா? ரசிக்காதீர்கள். அது மாவுப்பூச்சி. கூட்டுக் குடும்பமாகக் குடியேறி, அட்வான்ஸும் கொடுக்காமல் வாடகையும் கொடுக்காமல், உங்கள் செடியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் கொண்டிருக்கிறது.

நாகர்கோவிலில் இப்போது மாடிக்கு மாடி தொட்டிதான். பிரம்மச்சாரி ரூமில்கூடக் காலி பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் தொங்குகிறது. (பாட்டில் எப்படிக் காலியானது என்ற ஆராய்ச்சி வேண்டாம்.)

பூச்சியைக் கண்டதும் நம்ம ஆள் செய்கிற முதல் காரியம், உரக்கடைக்கு ஓடுவது. "அண்ணாச்சி, இருக்கதிலே பவரா வல்லதும் தாங்க!" வயலுக்கு அடிக்கிற விஷத்தை வாங்கி வந்து, ஒரு பக்கம் துணி காய்கிற, மறுபக்கம் குழந்தை விளையாடுகிற மொட்டை மாடியில் ஸ்பிரே பண்ணுவார். இதில் முதலில் சாவது யார் தெரியுமா? மாவுப்பூச்சி இல்லை, சார். அது மெழுகுக் கோட்டு மாட்டியிருக்கிறது. மருந்துத் தண்ணீர் அதன்மேல் சரியாக ஒட்டாது. சாவது, அதைத் தின்ன வந்த பொறிவண்டும் குட்டிக் குளவியும். திருடனை விட்டுவிட்டு போலீஸைச் சுட்ட கதை.

தமிழ்நாடே இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்திருக்கிறது. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தலைகாட்டியது. சொந்த ஊர் மெக்சிகோ வட்டாரம். பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்காமல் பப்பாளி, மல்பெரி, நம்மூர் மரச்சீனி, செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். காசு போயிற்று, பூச்சி போகவில்லை. காரணம், அதைக் குறிவைத்துத் தின்கிற எதிரி சொந்த ஊரிலேயே தங்கிவிட்டான்.

2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி மையம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. அதில் ஹீரோ, அசெரோபேகஸ் பப்பாயே. பெயர்தான் நீளம், ஆள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்து தின்றுவிட்டு ஓட்டையைப் போட்டு வெளியே வரும். அடுத்த வருஷத்துக்குள் பப்பாளிக்காரர்கள் மூச்சு விட்டார்கள். விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். தயவுசெய்து விஷம் அடிக்காதீர்கள்!

தென்னை மரத்தடியில் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-லிருந்து தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்திருக்கிறது. அது மேலேயிருந்து சிந்தும் இனிப்புத் தண்ணீரில் பூசணம் பிடித்துத்தான் கீழே உள்ள இலை கரி அப்பினாற்போல் ஆகிறது. இதற்கும் விஷம் வேண்டாம். மைதாவையோ கஞ்சிப்பசையையோ லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் காய்ச்சி, ஆறியபின் இலையில் தெளியுங்கள். காய்ந்து உதிரும்போது கரியும் சேர்ந்து வரும். மைதாப் பசை சினிமா போஸ்டர் ஒட்ட மட்டுமில்லை!

இனி மாமூல் விஷயம். மாவுப்பூச்சியும் அதே இனிப்பைத்தான் சிந்துகிறது. அதை நக்க வருகிற எறும்பு சும்மா வருவதில்லை. பொறிவண்டு வந்தால் விரட்டும். குளவி வந்தால் துரத்தும். பேட்டை ரவுடி மாமூல் வாங்கிக்கொண்டு கடைக்குக் காவல் நிற்பது மாதிரி. ஆகவே முதலில் எறும்பை நிறுத்துங்கள். அகலத் தட்டில் தண்ணீர், நடுவில் கல், அதன்மேல் தொட்டி. அம்மா சீனி டப்பாவுக்குச் செய்கிற அதே டெக்னிக். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு போய் கொசு வரும்.

பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மாவை அடித்துக் கழுவுங்கள். மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். முதலில் ஓர் இலையில் அடித்துப் பாருங்கள், கருகாவிட்டால் மற்றதற்கு. வெயில் தாழ்ந்தபின், வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

இதெல்லாம் வைத்தியம். வராமல் தடுப்பது இன்னும் லாபம் என்று பி.காம். படித்த மூளை சொல்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தளதளவென்று வரும். அந்த இளசுதான் பூச்சிக்குத் திருநெல்வேலி அல்வா. மக்கின சாணமும் தொழு உரமும் போதும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. மழை நாளிலும் கடமை தவறாமல் ஒரு செம்பு ஊற்றினால் வேர் அழுகும். சீக்காளிச் செடியைத்தான் பூச்சி சுலபமாகச் சாய்க்கும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நர்சரியிலிருந்து வந்த புதுச்செடிக்குப் பதினைந்து நாள் தனி ரூம், கொரோனா காலத்தில் நமக்குக் கிடைத்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரிக்கும் முன் இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மோசடியெல்லாம் பின்பக்கத்தில்தான் நடக்கும், கணக்குப் புத்தகம் மாதிரி.

அப்படிப் பார்க்கும்போது வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் பழுப்பாக, உப்பி, அசையாமல் கிடந்தால் நசுக்கிவிடாதீர்கள், மக்கா. உள்ளே நம்ம ஆள் இருக்க வாய்ப்புண்டு.