இயற்கையின் பெயரால்

காலத்துக்குக் காலம் சில சொற்கள் விசாரணைக்கு அப்பாற்பட்டனவாக உயர்த்தப்படுகின்றன. அவற்றை உச்சரித்த அளவிலேயே வாதம் முடிந்துவிட்டதெனக் கருதும் மனோபாவமும் உடன் வளர்கின்றது. 'இயற்கை' என்னுஞ் சொல் இன்று அந்நிலையை எய்தியுள்ளது. இயற்கை உணவு, இயற்கை உரம், இயற்கை வைத்தியம் என விரியும் இச்சொல்லின் ஆட்சி, கழுத்தின் முன்புறத்தே அமைந்துள்ள சிறியதொரு சுரப்பியின் நோய்களில் எத்தகைய கேட்டை விளைக்கின்றது என்பது ஆராயப்பட வேண்டியதாகும். தைரொயிட் நோயாளருட் பெரும்பான்மையோர் பெண்கள். ஆகவே இக்கேட்டின் சுமையைத் தாங்குவோரும் பெரும்பாலும் அவர்களே.

நிகழ்வது பெரும்பாலும் ஒரே வகையினது. இடையறாத சோர்வு, முடி உதிர்தல், உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு ஆகியவற்றால் வருந்தும் ஒரு பெண் வைத்தியசாலைக்குச் செல்கின்றாள். நீண்ட வரிசையிற் காத்திருந்த பின்னர் அவளுக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர் மாத்திரையை எழுதி, 'வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும்' எனக் கூறிவிட்டு அடுத்த இலக்கத்தை அழைக்கின்றார். ஏன், எதற்கு என்னும் வினாக்கள் விடையின்றி நிற்கின்றன. பின்னர் எவரோ காட்டிய வழியில் அவள் ஓர் 'இயற்கை வைத்திய' நிலையத்தை அடைகின்றாள். அங்கே ஒரு மணி நேரம் அவளது கதை செவிமடுக்கப்படுகின்றது. உறக்கம், உணவு, மனக்கவலை யாவும் விசாரிக்கப்படுகின்றன. இறுதியில், 'இரசாயன மாத்திரையை நிறுத்துங்கள். உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும்' என்னும் உபதேசம் வழங்கப்படுகின்றது. செவிமடுத்தமை நன்று, உபதேசமோ நஞ்சு.

இவ்வுபதேசத்தின் அடிப்படையே தவறானது. தைரொட்சின் மாத்திரை உடலுக்கு அந்நியமானதொரு பொருளன்று. சுரப்பி சுரக்கத் தவறிய அதே ஓமோனை, அதே மூலக்கூற்று அமைப்பில், அது ஈடுசெய்கின்றது. அதன் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகும். 1811இல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் கடற்பாசியின் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டறிந்தார். 1820இல் ஜெனீவா நகரத்து வைத்தியரான குவான்டே அதனைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாக வழங்கினார். 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே என்னும் வைத்தியர், சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றைச் செலுத்தினார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தாள். 1914இல் கெண்டல் தைரொட்சினைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தார்; 1927இல் ஹாரிங்ரன் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார். கடற்பாசியிலும் ஆட்டின் கழுத்திலும் தொடங்கிய இவ்வரலாறு இயற்கையைப் பகைத்தவர்களின் வரலாறன்று. இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர்களின் வரலாறாகும்.

மேலைநாட்டு மருந்தை விலக்குதல் மரபுக்கு மீளுதலாகும் என்பது பிறிதொரு வாதம். இதுவும் ஆராய்ச்சிக்கு முன் நிற்காது. 'இயற்கை வைத்தியம்' என இன்று வழங்கும் முறை 19ஆம் நூற்றாண்டு ஜேர்மனியின் நீர்ச்சிகிச்சை, உண்ணாநோன்பு ஆகியவற்றிலிருந்து முளைத்தது. பெனடிக்ற் லுஸ்ற் என்பவரால் அமெரிக்காவிற் பரப்பப்பட்டது. காந்தியடிகள் அதன்பாற் கொண்ட ஈடுபாடுகூட லூயி கூனே, அடோல்வ் யுஸ்ற் ஆகிய ஜேர்மானியரின் நூல்களைப் படித்ததால் வலுப்பெற்றதே. ஆகவே தமிழர் மரபென்னும் உரிமைக்கோரிக்கை இதற்குப் பொருந்தாது. மரபென்று கூறத்தக்க சித்த வைத்தியமோ பற்பம், செந்தூரம் என உலோகங்களையும் பாடாணங்களையும் புடமிட்டு மருந்தாக்கியது. இரசாயனத்தைக் கண்டு சித்தர்கள் அஞ்சியவரல்லர். 'இரசாயனம்' என்னுஞ் சொல்லையே அச்சுறுத்தலாகப் பயன்படுத்துவோர் தம்மை அம்மரபின் வாரிசுகள் எனக் கூறிக்கொள்வது நகைப்புக்குரியது.

இலங்கையின் அனுபவம் இன்னும் ஆழமான ஒரு பாடத்தைப் புகட்டுகின்றது. தென்மேற்கின் ஈரவலயம் கழலை மிகுந்த பிரதேசமாக நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. 1986இல் 17 மாவட்டங்களின் பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்ட ஆய்வில் 18.8 வீதத்தினரிடம் கழலை காணப்பட்டது. களுத்துறையில் அது 30.2 வீதமாக இருந்தது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயடீன் 150 மைக்கிறோகிராம் மாத்திரமே. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டியதை ஒருங்கு சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. அத்துணைச் சிறிய அளவும் மண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் போதியளவு கிடைக்காதபோது கழுத்துகள் வீங்கின. இவ்விடத்து இயற்கை தானே நோய்க்குக் காரணமாயிற்று. அதனைத் திருத்தியது தனிமனித விரதமன்று. சமூகத்தின் கூட்டு முடிவே. ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் 1917இல் பாடசாலைச் சிறுமியரிடையே தொடங்கிய சோதனை அயடீனின் பயனை நிறுவிற்று. சுவிற்சர்லாந்து 1922இல் அயடீன் சேர்த்த உப்பை நாடியது. இலங்கையில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. அயடீன் சேராத 'தூய' உப்பை உயர்ந்ததெனப் புகழ்ந்து கூடிய விலைக்கு விற்போர் எதனை விற்கின்றனர் என்பதை இவ்வரலாற்றோடு வைத்து நோக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின், மாத்திரையை நிறுத்தியவர்களுட் சிலர் நலமடைந்ததாகக் கூறுவது எவ்வாறு என்னும் வினா எழலாம். தைரொட்சின் உடலிற் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 7 நாட்கள் செல்லும். ஆதலால் மாத்திரையை நிறுத்தியவர் முதற் சில வாரங்களில் பெரிய வேறுபாட்டை உணரார். அவ்விடைவெளியே வைத்தியரின் வெற்றியாக விளம்பரப்படுத்தப்படுகின்றது. மாதங்கள் கழிந்து சோர்வும் வீக்கமும் மீளும்போது 'நச்சு வெளியேறுகின்றது' என்னும் விளக்கம் ஆயத்தமாக இருக்கின்றது. மேலும், சிறிதளவே பிறழ்ந்த பரிசோதனை முடிவுகள் சிகிச்சை எதுவுமின்றியே சீரடைவதும் உண்டு. அப்பெருமையும் கசாயத்துக்கே சேர்க்கப்படுகின்றது. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தைரொயிட் நலத்துக்கென விற்கப்பட்ட பத்துத் துணையுணவு வகைகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்பதில் தைரொயிட் ஓமோனே காணப்பட்டது. எந்த ஓமோனை வேண்டாமென நோயாளி ஒதுக்கினாளோ, அதனையே அளவு தெரியாமல் அவள் விழுங்குகின்றாள். கடற்பாசி மாத்திரைகளும் தீங்கற்றனவல்ல. அளவுக்கு மீறிய அயடீனும் சுரப்பியின் தொழிலைக் குலைக்கும்.

இதன் விளைவு அவளோடு முடிந்துவிடுவதில்லை. கருவுற்ற முதன் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொயிட் ஓமோனையே நம்பியிருக்கின்றது. கர்ப்ப காலத்தில் தாயின் ஓமோன் தேவை கூடுமேயன்றிக் குறையாது. அக்காலத்தில் 'குழந்தைக்கு இரசாயனம் ஆகாது' எனக் கூறி மாத்திரையை நிறுத்துவிப்பவர், தம்மிடம் ஒருபோதும் வராத, வாய் திறந்து முறையிடவும் இயலாத ஓர் உயிரின்மீது பரிசோதனை நடத்துகின்றார். அறியாமை என்பது இதற்குப் போதிய மன்னிப்பாகாது.

ஆயினும் குற்றம் ஒரு புறத்தது மாத்திரமன்று. மாற்று வைத்தியத்தை நாடுவோரை மூடநம்பிக்கையாளர் என எள்ளி நகையாடும் கல்விமான்கள், அவர்களை அங்கே துரத்தியது எது எனக் கேட்பதில்லை. தைரொட்சினை வெறுவயிற்றில் எடுக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் அது உடலிற் சேர்வது குறையும். இவ்வெளிய செய்தி சொல்லப்படாமையால் காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கி, பயன் காணாது மனமுடையும் பெண் வேறிடம் நாடுவதில் வியப்பென்ன? மாத்திரை எல்லோருக்கும் வேண்டியதும் அன்று. 65 வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே, இலேசான குறைபாட்டுக்குத் தைரொட்சின் வழங்குவதால் நோய்க்குறிகளிற் குறிப்பிடத்தக்க பயனில்லை என்பதை 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று காட்டிற்று. இவ்வாறான நுண்ணிய வேறுபாடுகளை விளக்க நேரமில்லாத மருத்துவம், எதனையும் விளக்குவதாகப் பாசாங்கு செய்யும் போலிக்குத் தானே வாயிலைத் திறந்து வைக்கின்றது.

இங்கு மொழிப் பிரச்சினையும் கலந்துள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இயன்ற ஒன்று இன்று இயலாமற் போனது ஏன்? பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்திலும் இயற்கை நிலையத்தின் துண்டுப்பிரசுரம் நல்ல தமிழிலும் இருக்கும் வரையில், உண்மை அந்நியமாகவும் பொய் உறவாகவும் தோன்றுவது தவிர்க்க முடியாதது.

ஆகவே வேண்டப்படுவது இரு வைத்தியங்களுக்கிடையிலான கொடிப் போரன்று. உணவும் உறக்கமும் மனவமைதியும் நோயாளிக்கு நன்மை பயப்பன என்பதை எவரும் மறுக்கார். அவை ஓமோனுக்குப் பதிலீடு அல்ல என்பதே கூறப்படுவது. சித்த வைத்தியம் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் கற்பிக்கப்பட்டு வருவது. அத்தகுதியை மதிக்கும் வைத்தியர் எவரும் இரத்தப் பரிசோதனையின்றிச் சிகிச்சை தொடங்கலாகாது. பிறர் எழுதிய தைரொட்சினை நிறுத்தலாகாது. தமது மருந்தில் அடங்கியுள்ளது யாதென மறைக்கலாகாது. மேலை மருத்துவரோ நோயாளிக்கு அவளது மொழியிற் காரணம் கூறும் கடமையிலிருந்து தப்பலாகாது. கலைப்பீடத்தாருக்கும் விஞ்ஞானபீடத்தாருக்கும் இதிற் பங்குண்டு. ஓமோனையும் அயடீனையும் எளிய தமிழில் எழுதிச் சந்தைக்கும் சனசமூக நிலையத்துக்கும் கொண்டு செல்ல இயலாத பல்கலைக்கழகம், மக்களின் அறியாமையைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுகின்றது.

வரிசையிற் காத்திருந்த அப்பெண் கேட்டது அற்புதத்தையன்று. 'ஏன்' என்னும் வினாவுக்கான விடையையே. அவ்விடையை அறிந்தோர் மௌனம் சாதிக்கும் இடத்திலேதான் அறியாதோர் வைத்தியராகின்றனர்.