ஐயமும் அறிவே

பறவையைக் கண்டவுடன் பெயரைச் சொல்லிவிடுவதே புலமை எனப் பலர் கருதுகின்றனர். பெயர் சொல்லத் தயங்குவதும் புலமையின் ஒரு கூறே என்பதை அரிசோனாப் பாலைநிலப் பாடும் பறவையொன்றின் வரலாறு உணர்த்துகிறது.

அமெரிக்காவின் தென்மேற்கில், கள்ளியும் முட்புதரும் நிறைந்த சொனோரன் பாலைவனத்தில் திராஷர் என்னும் பறவைகள் வாழ்கின்றன. 1872ஆம் ஆண்டில், டூசான் நகருக்கு அருகில் படை அலுவலராக இருந்த சார்லஸ் பென்டயர், தாம் சுட்டெடுத்த பறவை ஒன்றை ஆய்வுக்கு அனுப்பினார். அதனைக் கண்ட அறிஞர் ராபர்ட் ரிட்ஜ்வே, முன்பே அறியப்பட்ட வளையலகுத் திராஷரின் பெண்பறவை அது எனக் கருதினார். மற்றோர் அறிஞரான எலியட் கௌஸ் அம்முடிவில் நிறைவடையவில்லை. மேலும் விவரம் கேட்டு எழுதினார். பென்டயர் மற்றொரு பறவையை அனுப்பியதோடு, இரண்டின் பழக்கங்களும் முட்டைகளும் வேறுபடுவதையும் விளக்கினார். அதன் பின்னரே, 1873இல், கௌஸ் அதனைத் தனி இனமாக அறிவித்துப் பென்டயரின் பெயரைச் சூட்டினார். ஆய்வு மேசையில் எழுந்த ஐயம், பாலைநிலத்தில் பறவையோடு பழகியவரின் கூர்நோக்கால் தீர்ந்தது.

இவ்விரு பறவைகளும் இன்றும் காண்போரைக் குழப்புகின்றன. பென்டயர் திராஷரின் அலகு குட்டையானது, வளைவு குறைந்தது. அதன் மார்புப் புள்ளிகள் அம்புமுனை போன்றவை. வளையலகுத் திராஷரின் அலகு நீண்டு வளைந்தது, புள்ளிகள் வட்டமானவை. ஆயினும் அதன் இளம்பறவைக்கும் அலகு குட்டையே. இறகு தேய்ந்தால் புள்ளிகளும் மங்கிவிடும். ஆகவே, ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல், அலகு, புள்ளி, குரல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

பதிவுசெய்த பாட்டை ஒலிக்கச் செய்தால் பறவை வெளியே வந்துவிடுமே எனச் சிலர் வினவலாம். கூடுகட்டும் காலத்தில் அவ்வொலியைக் கேட்கும் பறவை, எதிரி வந்ததாக எண்ணிக் கூட்டைவிட்டு அலைய நேரும். அறியும் ஆவல், அறியப்படும் உயிருக்கு ஊறு விளைவித்தல் முறையாகாது.

பென்டயர் திராஷர் இன்று அழிவாய்ப்பு இனங்களுள் ஒன்று. பிற பறவையை அதுவென்று பிழையாகப் பதிவுசெய்தால், குறைந்துவரும் இனம் பெருகியிருப்பதாகத் தோன்றும். காக்கும் முயற்சி தளரும். எனவே, தெளிவு பிறக்காதபோது 'உறுதியாகத் தெரியவில்லை' எனக் குறிப்பேட்டில் எழுதுவது இழுக்காகாது. அந்நேர்மையே, மறுநாளும் பாலைநிலத்திற்குச் சென்று பொறுமையுடன் காத்திருக்கத் தூண்டும்.