பிள்ளைகளிடம் பாடம் கேட்போமா?

பெரியவர்கள் கற்றுக்கொடுப்பார்கள், பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். இதுதான் முறை என்று நினைக்கிறோம். ஆனால், தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் நாம் காவடி செலுத்துவது, தந்தைக்கே பாடம் சொன்ன ஒரு பிள்ளைக்கு. பிரணவத்தின் பொருளை அறியச் சிவபெருமான் மகன் முன் பணிந்து நின்றார் என்பது சுவாமிமலைத் தல வரலாறு. கதையை நம்புகிறோம், அதன்படி நடக்கிறோமா?

தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் கடவுளுக்கும் வரும், சக மனிதருக்கும் வரும். சிறுபிள்ளைகள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சிம்பாங் பூலாய் தாமான்களில் மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். சண்டை வரும், ‘இனி உன்னோடு சேரமாட்டேன்’ என்ற சபதமும் வரும். சற்று நேரத்தில் அதே நண்பனுக்கே பந்தை உதைப்பார்கள். அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை வீட்டில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அன்பும் அப்படித்தான். பெலிக்ஸ் வார்னேக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுப் பிள்ளைகள் 24 பேரிடம் நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டனர். துணி மாட்டும் கிளிப்பைப் பெரியவர் ஒருவர் தவறவிட்டு எடுக்கத் திணறினால், பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள். நாமோ ‘மாமாவுக்கு வணக்கம் சொன்னால் மிட்டாய்’ என்று அன்புக்கு விலை வைத்துப் பழக்குகிறோம்.

பிள்ளைகளின் மதத்துக்காகப் பெரியவர்கள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஈப்போவே சாட்சி. 2009இல் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளையும், அவருக்குத் தெரியாமலே கணவர் மதம் மாற்றினார். கடைக்குட்டியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அப்போது அக்குழந்தைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை, ஒருதலைப்பட்சமான மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2018 ஜனவரி 29 ஆகிவிட்டது. தீர்ப்புக்குப் பிறகும் அந்தத் தாய் மகளைத் தேடி அலைந்தார்.

இதில் எந்த மதத்தையும் குறைசொல்ல வேண்டியதில்லை. பால்குடிக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே நம்பிக்கை, அழுதால் அம்மா வருவாள் என்பதுதான். அதை முறித்துவிட்டு அதற்குமேல் எந்த நம்பிக்கையைக் கட்டுவது?

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவர்களின் நம்பிக்கை எளிதில் ஏமாறக்கூடியது. அதனால்தான் அதைப் பெறுபவர் அதற்குத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நாமும் தம்பி தங்கைகளுக்குப் பெரியவர்கள்தான். ‘சாமி ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை?’ என்று அவர்கள் கேட்டால், ‘அப்படிப் பேசினால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று அடக்கிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேளுங்கள். வேறு சமயத்து நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்தால், முதலில் அவனுக்குச் சாப்பாடு போடுங்கள்.

மகன் முன் பணிந்ததால் சிவபெருமான் சிறியவர் ஆகிவிடவில்லை. நாமும் ஆகிவிட மாட்டோம்.