செல்லுக்குள் ஒரு தூதுவன்!

கால்சியம் என்றதும் எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். செல்லுக்குள் அது தூதுவன் வேலையும் பார்க்கிறது!

செல்லின் கால்சியம் கிடங்கு, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம். ஆற்றல் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. சில இடங்களில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிடங்கிலிருந்து கால்சியம் பாய்ந்தால், ‘வேலை கூடிவிட்டது, ஆற்றல் தேவை’ என்று அர்த்தம். உடனே மைட்டோகாண்ட்ரியா வேகமெடுக்கும்.

1990-களில் இத்தாலி விஞ்ஞானிகள் ரோசாரியோ ரிசூட்டோ, துல்லியோ போட்சான் குழுவினர், கால்சியம் பட்டால் ஒளிரும் ஜெல்லிமீன் புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வைத்து, இந்தத் தூதை ஒளியாகவே கண்டார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கும் உண்மை. கால்சியம் வெள்ளமாகப் புகுந்தால் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து, செல்லே இறந்துவிடும். மாரடைப்பில் அடைப்பை நீக்கி ரத்தம் மீண்டும் பாயும் நேரத்திலும் சில இதயச் செல்கள் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.